சிக்னல் இல்லாத கடலில் கூலி வேலை

பாய்மரப் படகில் கூலிக்குப் போகிறவனுக்கு இரண்டு வேலை: கயிறு இழுப்பது ஒன்று, முகத்தில் பயம் தெரியாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலை சீக்கிரம் படிந்துவிட்டது. இரண்டாவது இன்றுவரை வரவில்லை.

பழவேற்காட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்த என்னை இதில் இழுத்துவிட்டவர் ஒரு கொச்சிக்காரக் கேப்டன். தாய்லாந்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்க் கரையோரமாகக் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு, வங்கக் கடலைக் கடந்து திரிகோணமலை போவதாக ஏற்பாடு. படகில் நாங்கள் மூன்றே பேர். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘இங்கே எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று வீட்டுக்குப் பொய் சொன்ன அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கரையைக் கண்டால் தைரியம்

எங்கள் ஊரில் விடியலில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். எவ்வளவு தூரம் போனாலும் சவுக்குத் தோப்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், தாய்லாந்துக் கரை கொஞ்சம் மங்கினாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. சுக்கான் என் கையில் இருக்கும்போதெல்லாம் படகு தானாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். கேப்டன் வந்து திருப்பிவிடுவார். நான் மறுபடி ஒதுக்குவேன்.

மூன்றாவது தடவை அவருக்குப் பொறுமை போய்விட்டது. நேரே முன்னால், தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்த பாறையைக் காட்டினார். நான் சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். அவர் சொன்னார்: “தம்பி, நடுக்கடல்ல முட்டிக்க ஒண்ணுமே இல்ல. படகு உடையறது எல்லாம் கரையிலதான்.”

கொள்ளைக்காரர்கள்

அன்றிலிருந்து கடலோடு கரைக்கும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்தேன். அந்த நிலைமையில், ஒரு நாள் சாயங்காலம் இரண்டு படகுகள் எங்களை நோக்கிப் பறந்து வந்தன. ஒருவன் கழியில் சட்டையைக் கட்டி ஆட்டுகிறான். இன்னொருவன் கையில் கத்தி. எல்லோரும் ஒரே கூச்சல். “கொள்ளைக்காரங்க!” என்று நான் அலறிய அலறலில் அம்மாவின் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. கேப்டன் எஞ்சினைப் போட்டு முடுக்கினார். படகு நாலடி போய் முக்கிக்கொண்டு நின்றது.

அவர்களுடைய வலைமேல் ஏறியிருந்தோம். வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. கத்திக்காரன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் குதித்து, ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துப் பார்த்து, வலை வீணாகாமல் அறுத்தெடுத்தான். மேலே இருந்தவர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. கேப்டன் மன்னிப்புக் கேட்டு, வலைக்கு நஷ்டஈடும் கொடுத்து அனுப்பினார்.

போனில் இதை என் மனைவி செல்வியிடம் சொன்னேன். பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: “நம்ம வலை மேல கப்பலு ஏறுனா நீ மட்டும் இன்னா, மாலை போட்டா வரவேத்த? நீயுந்தான் கத்தி கத்தி தொண்டை கட்டிக்கினு வருவ!”

அமைதி

கடலைக் கடக்கும்போது போன் எடுக்காது. தினம் ஒரு தகவலாவது வர வேண்டும் என்ற கண்டிப்பின்பேரில்தான் செல்வி என்னை அனுப்பியிருந்தாள். அம்மாவிடம் சாட்டிலைட் கருவி ஒன்று இருந்தது. அதில் தினமும் ‘நல்லா இருக்கேன்’ என்று அனுப்பிவந்தேன். பாதி வழியில் ஒரு அலை உள்ளே புகுந்து அந்தக் கருவியைக் குளிப்பாட்டிவிட்டது. அதோடு அது செத்தது. மறுநாள் காற்றும் செத்தது. இருந்த டீசல் துறைமுகத்துக்குள் நுழையத்தான் காணும். பாய் தொங்கிப்போய், படகு நின்ற இடத்திலேயே கிடந்தது.

எனக்காக நான் பயப்படவில்லை. எங்கள் குப்பத்தில் ஒரு படகு பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால் யாரும் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. மற்ற படகுகள் தேடக் கிளம்பிவிடும். அவர்கள் கடலுக்குப் போகும் வழியோ, பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்; அது மணல் மேடிட்டுக் கிடக்கிறது. அங்கே அலை மடங்கி அடித்துப் படகு கவிழ்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செல்வி ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நைனா முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்பாவை அந்த வயதில் யார் பிடித்து நிறுத்துவது? நான் இங்கே காபி குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறேன். என்னைத் தேடிப் போகிறவர்கள் அங்கே சாவார்களே! கருவியைத் துடைத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். கேப்டனிடம் காற்று எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர் என்னைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

அப்போது அம்மா தொப்பியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி மாதிரி கிடந்த கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “எவ்வளவு அமைதி, பார்! நாம் எங்கே இருக்கிறோம் என்று யாருக்குமே தெரியாது.”

திரிகோணமலை

ஒரு வழியாகக் காற்று வந்தது. சொன்ன நாளுக்கு வெகுநாள் தள்ளிப் போய்ச் சேர்ந்தோம். கயிற்றைக் கட்டியதும் கட்டாததுமாகப் போன் போட்டேன். செல்வி எடுத்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, “நைனா எங்க?”

“கரையிலதான் கீறாரு” என்றாள். அப்புறம் நடந்ததைச் சொன்னாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் என் மச்சானை விட்டு விசாரித்தாளாம். அந்த மாதிரிப் படகு எதுவும் இந்தப் பக்கமே வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்காமல் நாலு படகு கிளம்பியிருக்கிறது. நைனாதான் முதல் படகைத் தள்ளினாராம். வங்கக் கடல் என்றுதானே சொல்லிவிட்டுப் போனான், அது நம் கடல்தானே என்பது அவர் கணக்கு. கரை மறைந்து, டீசல் பாதியாகும்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம்.

“எல்லாரும் வந்துட்டாங்களா?”

“எல்லாரும் வந்துட்டாங்க.”

நான் அந்தப் படகுத்துறையிலேயே உட்கார்ந்து அழுதேன். கேப்டன் பார்த்தார், அம்மாவும் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “திரும்பி வர வழியில வலை வுட்டாங்களாம், அம்மாம் நெத்திலி. ஒன்னத் தேடிப் போன மீனுல ஒனக்கும் பங்கு உண்டுன்னு கூடைல போட்டு எங்கிட்ட குடுத்தாங்கோ. அத வாங்கறப்பதான்யா நீ இல்லாம பூட்டியோன்னு தோணிச்சு. ஆக்க மனசு வர்ல, காயப் போட்டுட்டேன். வந்து நீயே துன்னு.”

நடுக்கடலில் சும்மா நின்றதற்குச் சம்பளமும், காணாமல் போனதற்குக் கருவாடும் வாங்கியவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.