ஃபிளாஷின் அடியில் சந்தனம்

வார நாட்களில் மலாக்கா டவுனில் ஆபீஸ் வேலை, வார இறுதியில் கல்யாணங்களில் படம் எடுப்பது. இதுதான் என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாய் இல்லாவிட்டால் மற்ற படக்காரர்கள் என்னைத் தள்ளிவிட்டு மணவறை முன்னால் நின்றுகொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்த வாயால் ஒரு மனிதருக்குச் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

என் ஃபிளாஷை ஒரு அண்ணனிடம் வாங்கியிருந்தேன். கோலா சுங்கை பாருக்காரர். எஸ்டேட் லோரி ஓட்டியவர். முதுகு போன பிறகு பழைய கேமரா சாமான்களை வாங்கிச் சுத்தம் செய்து எங்களைப் போன்றவர்களுக்கு விற்று வந்தார். அவருக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. எங்கள் படக்காரர்களின் வாட்சாப் குரூப்பில் "அண்ணங்கிட்ட வாங்கு, நம்பி வாங்கலாம்" என்று நாலு பேர் சொல்வதுதான் அவருடைய கடை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கேமரா, லென்ஸ், பேட்டரி, ஃபிளாஷ் எல்லாவற்றையும் சாமி முன்னால் வரிசையாக வைத்தேன். லென்சில் பொட்டு வைக்க முடியாது. திரையில் வைத்தால் கறை படியும். ஃபிளாஷில் எங்கே வைப்பது என்று யோசித்து, யார் கண்ணிலும் படாத அடிப்பாகத்தில், கேமராவின் தலையில் சொருகும் இடத்தில், சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம் வேறு. மறுநாள் கண்ணுக்குத் தெரிந்த பொட்டுகளை மட்டும் துடைத்தேன்.

அடுத்து வந்த கல்யாணம் சுங்கை ரம்பாயில், ஒரு கோயில் மண்டபத்தில். வெளியே மழை, உள்ளே ஒரே இருட்டு. பெண்ணை அழைத்து வரும்போது ஃபிளாஷ் ஒரு தடவை அடித்தது, இரண்டு தடவை அடிக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. பேட்டரியை மாற்றினேன். அணைத்துப் போட்டேன். கழற்றிச் சொருகினேன். அதற்குள் கெட்டிமேளமே முடிந்துவிட்டது. பெண்ணின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, லைட்டே வரலியே?"

"வித்தவரு என்னை ஏமாத்திட்டாரு ஆன்ட்டி."

ஏமாற்றினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பழியைப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே காருக்குள் போய் உட்கார்ந்து குரூப்பில் குரல் பதிவு போட்டேன். "செத்துப்போன ஃபிளாஷ என் தலையில கட்டிட்டாரு. இனிமே அவர்கிட்ட யாரும் வாங்காதீங்க லா." எல்லாரும் கேட்டார்கள். அவரும் கேட்டார்.

மறுநாளே அந்த முதுகோடு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். திட்டுவார், பதிலுக்குத் திட்டலாம் என்று நான் தயாராக நின்றேன். அவர் ஃபிளாஷை மட்டும் கேட்டு வாங்கினார். அதிலிருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று அடித்தது.

"லைட்டுக்கு உசுரு இருக்கும்மா. கேமராவோட பேசத்தான் மாட்டேங்குது."

கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகள் கேமராவைத் தொட்டால்தான் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் அடிக்கும். அந்தப் புள்ளிகள் மேல் சந்தனம் காய்ந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவர் பென்சில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் புள்ளிகளைத் தேய்த்தார். கேமராவில் ஒட்டியிருந்ததைப் பல்குச்சியால் சுரண்டினார். மாட்டி ஒரு படம் எடுத்தார். அடித்தது.

"சாமி காரியம்தானே. சந்தனம்னு சொல்லாத, உன்னைத்தான் கிண்டல் பண்ணுவாங்க. ஃபிளாஷ் சரியாயிடுச்சுன்னு மட்டும் குரூப்ல ஒரு வார்த்தை போட்டுரும்மா."

போடுகிறேன் என்றேன். போடவில்லை. சரியாகிவிட்டது என்று சொன்னால் என்ன கோளாறு என்று கேட்பார்கள். ஃபிளாஷுக்கு அடியில் பொட்டு வைத்தவள் என்று ஒவ்வொரு மண்டபத்திலும் சிரிப்பார்கள். நாளைக்குப் போடலாம், தீபாவளி முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன். அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடக் கொடுக்காத கஞ்சத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தை மாதம் பிறந்ததும் குரூப்பில் ஒருவர் பழைய ஃபிளாஷ் தேடினார். "அந்த அண்ணனைத் தவிர வேற யாரு விக்கிறா?" என்று இன்னொருவர் கேட்டு, என் குரல் பதிவையே எடுத்து மறுபடியும் போட்டார். என் குரலை நானே கேட்டேன். எவ்வளவு திமிர்! உட்கார்ந்த இடத்திலேயே சந்தனம், குங்குமம், ரப்பர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். நான் பயந்தபடியே எல்லாரும் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் சிரித்து முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பெயரைத் தேடினேன். அவர் எப்போதோ குரூப்பை விட்டுப் போயிருந்தார்.

காரை எடுத்துக்கொண்டு கோலா சுங்கை பாருவுக்குப் போனேன். கூடத்தில் சாமான் அடுக்கியிருந்த அலமாரி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு கடைக்குத் தள்ளிவிட்டாராம். ஜாகா வேலைக்கு, அதாவது காவல்காரர் வேலைக்கு, போகிற நீலச் சீருடையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"அண்ணே, குரூப்ல உண்மைய எல்லாம் சொல்லிட்டேன். என் தப்புத்தான்னு சொல்லிட்டேன்."

"அப்படியா? ஃபிளாஷ் இப்ப ஒழுங்கா அடிக்குதாம்மா?"

"அடிக்குதுண்ணே."

"அப்ப நல்லது," என்று சொல்லி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மோட்டாரில் ஏறினார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார்.