கதவோரச் சாக்கு

கண்டிச் சந்தையில் மரக்கறி விற்கும் சந்திரிகாவுக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும். வீட்டில் வெகுநாளாக வளரும் செல்லி என்கிற பூனை மட்டும் அந்தக் கைக்கு இதுவரை தப்பியிருந்தது.

ஒரு நாள் தெல்தோட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். அது திரும்பி ஓடிவிடாமலிருக்க, வந்த வழி அதற்குத் தெரியக்கூடாது. அதனால் எல்லாரும் செய்வதுபோல உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், செல்லியின் முகத்துக்கு நேராகவே சாக்கை அவிழ்த்துக் குட்டியை விட்டாள். வெறுஞ்சாக்கைக் கதவோரம் எறிந்தாள். குட்டிக்குப் பால் ஊற்றியதும் செல்லியின் தட்டில்தான்.

செல்லி சீறியது.

"வந்த புள்ளையப் பாத்தா சீறுற?" என்று அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பொழுது சாயும்போது செல்லியைக் காணவில்லை. கட்டிலுக்கடியிலும் இல்லை, அலுமாரிக்குப் பின்னாலும் இல்லை.

"நீங்க அடிச்சதுல எங்கயோ போயிருச்சும்மா," என்றாள் மகள் கஜனி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே.

அப்போது கதவோரத்துச் சாக்கு அசைந்தது. உள்ளே செல்லி சுருண்டு கிடந்தது. வேண்டாத பூனையைத் தூரத்தில் கொண்டுபோய் விடுவதும் இப்படிச் சாக்கில் கட்டித்தான் என்பது சந்திரிகாவுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"ஒன்னைய யாரு கண்ணு போகச் சொன்னா?"

தடவிக் கொடுக்கத்தான் கையை நீட்டினாள். செல்லி தலையைத் தாழ்த்தி, கண்களை இறுக மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தது.