அம்மா சாத்திய கதவு

சின்ன வயதில் கதவுக்கு வெளியே நின்று நான் அழுதது உள்ளே இருந்த அம்மாவின் காதில் விழுந்ததா? முப்பது வயதாகியும் இதற்கு என்னிடம் விடையில்லை. அம்மா இருந்தபோது கேட்கத் துணியவில்லை.

அம்மாவின் இந்த நினைவுமலருக்காக மாமா எழுதித் தந்ததில், "தனக்கென ஒரு நிமிடமும் வாழாத தியாகச்சுடர்" என்று ஒரு வரி இருந்தது. அம்மாவின் அண்ணன் அவர், அன்பில்தான் எழுதினார். நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். தொலைபேசியில் கோபித்தார்.

"எல்லா அம்மாமாருக்கும் அப்பிடித்தானே போடுறது, பிள்ளை?"

"அது உண்மையில்லை மாமா. அம்மா ஒவ்வொரு நாளும் தனக்கெண்டு ஒரு மணித்தியாலம் வாழ்ந்தவ."

"சனம் வாசிச்சால் என்ன நினைக்கும்?"

"வாசிக்கட்டும்."

 அந்த வரி இம்மலரில் இல்லை.

அம்மா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். போர்க்கால இடப்பெயர்வுகளில் படிப்பு நின்றது, தையல் நிற்கவில்லை. திருமணமாகிப் பாரிசுக்கு வந்து, ஒபர்வில்லியேயில் ஒரு தையற்கூடத்தில் நாள் முழுதும் காற்சட்டைப் பைகள் மட்டுமே தைத்தார். நான் பிறந்தபின் புறநகர் பியர்ஃபித்தில் எங்கள் வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு, லா சப்பல் தெருத் தமிழ்க் கடைகளுக்குச் சேலைச் சட்டைகள் தைத்துக் கொடுத்தார்.

காலையில் தேநீர் குடித்து, தலையை முடிந்து, கடைக்காரர்கள் தைக்கத் தந்த துணிப்பைகளை வெளியே வைத்துவிட்டு அம்மா அறைக்கதவைச் சாத்துவார். அது யாரும் கேட்காத சட்டைகளைத் தைக்கும் நேரம். மிஞ்சிய துண்டுகளில் புதுக் கழுத்து, புதுக் கை வெட்டிப் பார்ப்பார்; பிடிக்காவிட்டால் பிரிப்பார். காய்ச்சலிலும் அது தவறவில்லை. ஒருமுறை ஒரு மணப்பெண்ணின் சித்தி கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி வந்து அந்தக் கதவைத் தட்டினார்.

"அக்கா, நாளைக்குக் கலியாணம்! சட்டை முடிஞ்சுதோ?"

"நாளைக்குத்தானே. கை மட்டும் மிச்சம், இருங்கோ."

"அப்ப உள்ளை ஆரின்ரை சட்டை தைக்கிறியள்?"

"ஆரின்ரையும் இல்லை."

அப்பா சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போய்விட்டார். சட்டை அன்று மாலையே தயார். "காலமை என்ரை சட்டை தைச்சால்தான் பின்னேரம் மற்றவையின்ரை சட்டை கோணாமல் வரும்" என்றார் அம்மா. கடைக் கண்ணாடியில் பார்த்து, புதிதாக இருக்கிறதே என்று நீங்கள் வாங்கிய கழுத்துகள் அந்தக் கதவுக்குள் பிறந்தவைதான்.

"பிள்ளையை அழவிட்டு என்ன தையல்?" என்றவர்கள் உண்டு. செத்தவீட்டிலும் அது என் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை நான்தான். ஆகவே நானே பதில் சொல்கிறேன். நான் பசியோடு நிற்கவில்லை. உணவகத்தில் மாலை வேலை செய்த அப்பா காலையில் என்னோடு இருந்தார். கதவு திறந்ததும் சிரித்தபடி வெளியே வந்த அம்மாவின் முகம் முழுவதும் எனக்கே கிடைத்தது. நாள் முழுதும் கதவைத் திறந்து வைத்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்குமா?

நோயில் விரல்கள் மரத்த பிறகும், மருத்துவமனையில் தேநீர் முடிந்ததும், "கதவைச் சாத்து பிள்ளை" என்பார். மடியில் துணித்துண்டுகளை வைத்து நிறத்தோடு நிறம் சேர்த்துப் பார்ப்பார். கடைசியாக ஊதாவோடு மஞ்சளைச் சேர்த்து வைத்திருந்தார். இம்மலரின் அட்டை அந்த நிறங்களில்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் உள்ளே வராமல் காத்திருந்த தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும், கோபித்தாலும் அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லாத மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்கு இப்போது கைக்குழந்தை. இதைக் காலையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியே கணவர் மகளைத் தூக்கி வைத்திருக்கிறார், அவள் அழுகிறாள். எனக்கு நன்றாகக் கேட்கிறது. பிள்ளை வளர்த்தவர்களே, இந்த இடத்தில் எழும்பிப் போவதா, வரியை முடிப்பதா? தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள். இந்த நேரத்தையே விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

– மகள்