அம்மாவை உள்ளே விடாத பொங்கல்

நான்கு நாள் பொங்கல் லீவிலும் அப்பா என் இரண்டு கைகளையும் பைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த லீவில் அவர் செய்த இன்னொரு காரியத்தைத்தான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. திருப்பூரில் நல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மார்கழி பிறந்ததுமே அம்மா கணியூரில் இருக்கும் தன் அப்பா, எங்கள் அப்புச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புச்சிக்கு உடம்பு சரியில்லை, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்குக் கம்பெனி மூடியதும் போகியன்று முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் கணியூர் போவதாக ஏற்பாடு. எந்தப் பாவாடைக்கு எந்தச் சட்டை என்பதுவரை நான் தீர்மானித்து வைத்திருந்தேன்.

போகிக்கு முந்தின நாள் தம்பியின் முதுகில் நாலைந்து கொப்புளங்கள் கிளம்பின. மறுநாள் விடிந்தபோது எனக்கும். சின்னம்மை.

எனக்கு வந்திருப்பது கொசுக்கடிதான் என்று அப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன். அவர் என் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார், இறக்கிவிட்டார். தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டரிடம் போனார். அம்மை போட்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப்போகிறாரே என்று லைனில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்தவர் முகமே வேறாக இருந்தது. வாசலில் வேப்பிலையைச் செருகினார். உடுமலைக்குப் போகவிருந்த கம்பெனி ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளுக்கு அம்மை, வரமுடியாது, அம்மாவும் இந்தப் பக்கம் வரவே கூடாது என்று கணியூரில் சொல்லச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் கேட்டுவிட்டேன். எங்களுக்குக் காய்ச்சல், அம்மா வரக்கூடாதாம். எந்த ஊர் நியாயம் இது?

அப்பாவுக்கு அதுவரை அடுப்பு மூட்டத் தெரியாது. அம்மா போனதிலிருந்து மெஸ் சாப்பாடுதான் எங்களுக்கு. இப்போது அவரே கஞ்சி காய்ச்சினார். அடியில் கருகி மேலே வேகாமல் ஒரு கஞ்சி இருக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். சொறியக்கூடாது என்று கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெட்டுத்துண்டுத் துணியில் நாலு பைகள் தைத்து எங்கள் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் முடிச்சுப் போட்டார். கட்டிங் மாஸ்டர் தைத்த பை என்பதால் அளவு மட்டும் கச்சிதமாக இருந்தது. கையில்லாத எனக்கு அவரே ஊட்டினார். நான் துப்பினேன். முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வாயை ஊட்டினார். மறுபடியும் துப்பினேன். அவருக்கு அலுக்கவே இல்லை, அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பொங்கலன்று லைனில் எல்லா வீட்டு வாசலிலும் பானை பொங்கியது. எங்கள் வீட்டில் உப்பில்லாத ராகிக்கூழ். பொழுது போகவில்லை என்று தம்பி அழ, கதை தெரியாத அப்பா பழைய செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். தம்பி அதையும் கதையென்று நம்பி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

நான் எழுந்து உட்காருவதற்குள் அப்பா வாசலுக்குப் போய்விட்டார். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய இடுப்புக்கும் கைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் அம்மாவின் சேலை தெரிந்தது. சொல்லியனுப்பியதைக் கேட்டதிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்காமல், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, உடுமலையிலும் பல்லடத்திலும் மாறி வந்திருக்கிறாள். அப்பா அவளை ஒரு அடிகூட முன்னால் வைக்கவிடவில்லை.

"ஏனுங்க, ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றனுங்க," என்றாள் அம்மா.

"பாத்தீன்னாத் தொட்டுருவ. திரும்பிப் போயிரு."

"தொடமாட்டனுங்க."

"உன்னால முடியாது. போ."

அவ்வளவுதான் பேச்சு. தம்பி 'அம்மா' என்று கத்திக்கொண்டு ஓட, அப்பா அவனை ஒரு கையால் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அம்மா கதவைத் தட்டவில்லை. அவள் தட்டியிருக்க வேண்டும், உடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

எதிர்வீட்டுப் பாயம்மா வந்து அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் வாசலில் உட்காரவைத்தாள். பிறகு எங்கள் ஜன்னலுக்கு அருகில் வந்து நின்றாள். காய்ச்சலில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தனுப்பிய மகராசி அவள். அப்பாவை என்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏனுங்க தம்பி, பெத்தவளைத் தெருவுல நிறுத்தறது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

லைனில் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். கல்நெஞ்சு என்று ஒருத்தி சொன்னாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்னவோ இருக்கிறது, அதனால்தான் ஒரு மாதமாக அவள் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள். எல்லாம் அப்பா காதில் விழுந்தது. ஜன்னலை முழுவதும் திறந்து, தம்பியைத் தூக்கிக் கம்பி ஓரமாக நிறுத்தினார். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா பார்த்தாள். தம்பி பை மாட்டிய கையை ஆட்டினான்.

"நீயும் வா கண்ணு. அம்மா பாக்கட்டும்," என்றார் அப்பா.

நான் போகவில்லை. உள்ளே விடாதவர்மேல் இருந்ததைவிட, போ என்றதும் கேட்டுக்கொண்டு எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள்மேல் எனக்கு அதிகக் கோபம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தியபோது திரும்பி நின்றுகொண்டேன். இரண்டு பஸ் மாறி வந்தவள் என் முதுகைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம். தம்பிக்குப் பின்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் வேலை வெட்டி இல்லாமல் படுத்திருக்கக் கணியூருக்கு அனுப்பியிருந்தார்கள். அப்புச்சி திடமாகத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிறுவயதில் அம்மை போட்டதில்லை. இந்த மாதத்தில் ஒட்டிக்கொண்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். வயிறு வெளியே தெரியும்வரை ஊராரிடம் வாய் திறப்பதில்லை என்று அப்பாவும் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். அதனால் அப்பா தெரு முழுக்கத் திட்டுவதை வாங்கிக்கொண்டு நின்றார். அந்த ஆடியில் தங்கை பிறந்தாள், குறையொன்றும் இல்லாமல். அப்போதும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு என் வயிற்றில் மகன் இருந்தபோதுதான் அம்மா இதையெல்லாம் சொன்னாள்.

ஆனால் அந்தத் தை மாதம் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பொருக்கு உதிர்ந்து பள்ளிக்கூடம் போனதும் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம், எங்கப்பா எங்கம்மாவை ஊட்டை விட்டுத் துரத்திவிட்டார் என்று சொன்னேன். கதவைச் சாத்திய சத்தத்தைக்கூடச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். ஒரு வாரத்தில் அது டீச்சர்வரை போய், டீச்சர் அப்பாவை வரச் சொல்லிவிட்டார்.

ஷிப்டுக்கு நடுவில் வந்த அப்பா தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க டீச்சர் முன்னால் கைகட்டி நின்றார். குடும்பத்துக்குள் ஆயிரம் இருக்கலாம், பிள்ளைகள் மனசைக் கெடுக்கக்கூடாது என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். சரிங்க என்றார் அப்பா. அம்மாவை அழைத்து வந்துவிடும்படி டீச்சர் சொன்னார். அதற்கும் சரிங்க.

பிறகு என் பைக்கட்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் அடி விழும் என்று காத்திருந்தேன். பாதி வழியில் நின்று, என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னும் அரிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்புச் செய்தவருக்கு வாய் வராது என்று நினைத்துக்கொண்டு, ஜெயித்தவளாக அவருக்கு இரண்டடி முன்னால் நடந்தேன்.