கிள்ளானில் ஜன்னல் திறந்த வீடு

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வந்திருந்த நான், சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு, கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பெட்டிக்குள் குளிர் நடுக்கியது. வெளியே அடுக்குமாடிகள், தொழிற்பேட்டைகள், நடுநடுவே தேநீர் நிறத்தில் ஆறு.

போவது பரமேஸ்வரியைப் பார்க்க. சென்னையில் என்னோடு இயற்பியல் படித்தவள்; இப்போது இங்கே பள்ளி ஆசிரியை. அவள் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் பின்னால், அயல்நாடுகளிலிருந்து வந்த பிளாஸ்டிக் குப்பையை யாரோ திருட்டுத்தனமாக எரித்தார்கள். மகள் கவிதாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. புகார், கூட்டம், ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்து, வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, போன மாதம்தான் ஊரின் மறுகோடிக்கு மாறியிருந்தார்கள்.

நிலையத்துக்கு அவள் கணவர் குமரன் கார் கொண்டுவந்திருந்தார். "அங்க இருந்தப்ப கண்ணாடிய இறக்கவே மாட்டோம். இப்ப பாருங்க," என்று நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார்.

வாசலிலேயே பரமு என் கையைப் பிடித்து இழுத்தாள். பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டியிருந்தது. "சாமி ரூம் அப்புறம் பாக்கலாம் லா. முதல்ல ஜன்னல பாரு!"

எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. திரைகள் ஆடிக்கொண்டிருந்தன.

நண்டுப் பிரட்டலும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாடை வந்தது. அடுப்பில் குக்கரின் கைப்பிடி தீய்ந்தால் வருமே, அது.  கவிதா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். துண்டுகளை நனைத்துப் பிழிந்து இடுக்குகளில் திணித்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். ஒருவரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

"பக்கத்து வீட்ல ஏதோ எரிக்கிறாங்க போல," என்றாள் பரமு. அவள் குரலே அதை நம்பவில்லை.

கவிதாவைக் குமரனிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காரில் புகையைத் தேடிப் போனோம். பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் உயரமான தகர வேலி. இடுக்கு வழியே பார்த்தால், எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளோடு பிளாஸ்டிக் பைகள் மலையாகக் குவிந்திருந்தன. அதற்குப் பின்னால் கரும்புகை.

காவலாளி வந்தார். "பிரைவட் இடம், அக்கா. போயிருங்க."

"எங்க போறது அண்ணே? ஏற்கெனவே ஒரு வீட்ட விட்டுட்டு வந்துட்டோம்."

அவர் தரையைப் பார்த்தார். "என் வீடும் அந்தப் பக்கம்தான் அக்கா. எனக்கும் இதே காத்துதான்."

காரில் ஏறிய பரமு சாவியைத் திருகவில்லை. "பொருள அழிக்க முடியாது, வடிவந்தான் மாறும்னு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறேன். பிள்ளைங்க பரீட்சையில எழுதி மார்க் வாங்கிட்டுப் போயிடுறாங்க. நானும் அப்படித்தானே வாங்கினேன்?"

நானும் அப்படித்தான். எறிந்தால் போய்விடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் வாழ்ந்திருக்கிறோம். 'போய்விடும்' என்ற அந்த இடத்தில் இவள் குடியிருக்கிறாள். 

மாலையில் விடைபெறும்போது கவிதா மூச்சுமருந்துக் குழாயைக் கையில் வைத்தபடி வாசல்வரை வந்தாள்.

"ஆன்டி, உங்க ஊர்ல காத்து நல்லா இருக்குமா?"

சென்னையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் குப்பைமேடு தெரியும். கோடையில் அது நாள்கணக்கில் புகையும்.

"மழை பெஞ்சா நல்லா இருக்கும்மா," என்றேன்.

"இங்கயும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு, புகை உள்ளே வராமல் கதவை இறுக்கச் சாத்திக்கொண்டாள்.