வல்பாறைக்குக் கேட்கும் தட்டல்

தினசரி நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, அதிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நாடாவை எடுக்கிறார் ஆவுடைத்தாய். தந்தி அடிக்கும் பித்தளைக் கீயின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அதை நுழைத்து, குமிழை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டு மெல்ல இழுக்கிறார். தாளில் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. மறுபடி ஒருமுறை இழுக்கிறார். இப்போது தாள் வெள்ளையாகவே வருகிறது. "பல்லு வெளக்கியாச்சு" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறார். மணி காலை ஆறரை.

வலது கை குமிழின் மேல் அமர்கிறது. டிட் டா டிட் டிட். ரேடியோ வழியாக அவர் கூப்பிடுவது வல்பாறையில் இருக்கும் மாதவன் என்பவரை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார், மறுபடி கூப்பிடுகிறார். அந்தப் பக்கம் பதில் இல்லை. "முப்பத்தெட்டு நாளாச்சு சார்" என்று மெதுவாகச் சொல்லி எனக்கு டீயை நீட்டுகிறார் அவருடைய கணவர் சோலைச்சாமி.

பந்தல்குடியில் தூத்துக்குடி சாலையை ஒட்டி, லாரி டயருக்குப் பஞ்சர் பார்க்கும் கடைக்கு அடுத்த தகரக் கூரைதான் இவர்களுடைய மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுப்பட்டில் கிணற்று மோட்டார் புகைந்துபோனால் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிரிப்பதும் மாட்டுவதும் சோலைச்சாமி. கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றி உள்ளே இறக்குவது ஆவுடைத்தாய். வயது ஐம்பத்து நாலு. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். புடவையில் எந்நேரமும் வார்னிஷ் வாசனை.

பரளச்சியில் என் மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கருகிப்போய்த்தான் நான் முதன்முதலில் இங்கே வந்தேன். உள்ளே கீச்கீச்சென்று விடாமல் சத்தம். ஏதோ குருவி மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிடப் போனேன். "குருவி இல்ல சார், கோயமுத்தூர்க்காரரு" என்றார் ஆவுடைத்தாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். கையில் செல்போன் இருக்கும்போது இந்த வேண்டாத வேலை எதற்கு என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பஸ்ஸுதான் ஓடுதே, பெறகு எதுக்கு நீங்க காலையில ரோட்டுல வேகுவேகுன்னு நடக்கீக?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குச் சர்க்கரை இருக்கும் விஷயம் பந்தல்குடி வரைக்கும் வந்திருக்கிறது.

அந்தக் கீ ஒரு கப்பலில் இருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு, எரிந்த செம்புக் கம்பியைப் போடுவதற்காக அருப்புக்கோட்டையில் அப்துல் கனியின் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார் ஆவுடைத்தாய். தூத்துக்குடியிலிருந்து வந்த லோடில், துருப்பிடித்த வால்வுகளுக்கு நடுவே இது கிடந்திருக்கிறது. உள்ளங்கை அளவுப் பித்தளைப் பாலம், கறுப்புக் குமிழ், இரண்டு திருகு, ஒரு ஸ்பிரிங். "கப்பல்ல தந்தி அடிக்கிற கட்டைம்மா. உடைக்க மனசு வரல, நீ கொண்டு போ" என்று கனி பாய் கையில் கொடுத்துவிட்டார். குமிழில் விரிசல். அதைக் காயிலுக்குச் சுற்றும் நூல் நாடாவால் இறுக்கிக் கட்டி வார்னிஷில் முக்கி எடுத்தார் ஆவுடைத்தாய். இன்றுவரை அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அதை எலுமிச்சம்பழம் போட்டு விளக்கி டிவி மேல் வைத்திருப்பார்கள். இவர் அதைத் தட்டித்தான் தீருவேன் என்று நின்றார். அருப்புக்கோட்டையில் பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் 'அமெச்சூர் ரேடியோ' பழகும் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்தார். கம்பியை எண்ணிச் சுற்றிக்கொண்டே, மோர்ஸ் என்ற அந்தத் தந்தி பாஷையில் எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று நாலு மாதத்தில் காதில் ஏற்றிக்கொண்டார். பரீட்சைக்குப் போன இடத்தில், யாரோ ஒரு பையனின் அம்மா என்று நினைத்து இவரை வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். "நானும் அரை மணி நேரம் உக்காந்துட்டேன் சார். ஃபேன் காத்து நல்லா வந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் உள்ளே போய் எழுதி, தட்டிக் காட்டி, உரிமம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைக் கூரையிலிருந்து எதிர்ச்சாரி வேப்பமரம் வரை ஏரியலாக ஓடுவது மோட்டாருக்குச் சுற்றியதில் மிஞ்சிய கம்பிதான்.

இதில் இவருக்கு இருக்கும் பித்து கொஞ்சநஞ்சமல்ல. சாலையில் போகும் லாரி ஹாரன்களை எழுத்தாகப் பிரிப்பார். "அந்த வெங்காய லோடுக்காரன் எப்பவும் 'ஆர்' அடிச்சுட்டுத்தான் வளைவான்." கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் ஸ்பேனரால் மோட்டார் கூட்டில் தட்டுவார், கோட்டுக்கு இழுத்து உரசுவார். சோலைச்சாமிக்கு மோர்ஸில் தெரிந்தது ஒரே எழுத்துதான். ஒற்றைக் கோடு என்றால் 'டி'. அது கேட்டால் டீ வாங்கிவர வேண்டும். "கல்யாணமாகி முப்பது வருசத்துல இவ சொல்லி நான் கத்துக்கிட்டது இம்புட்டுத்தான்" என்கிறார் அவர்.

காலையில் ரேடியோவில் கூடும் ஏழெட்டுப் பேரையும் ஆவுடைத்தாய்க்குக் கையை வைத்தே தெரியும். எல்லோரும் தட்டுவது அதே புள்ளி, அதே கோடுதான். ஆனாலும் நடையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பதுபோல இதிலும் இருக்கிறதாம். கோயமுத்தூர்க்காரர் எழுத்துக்கு எழுத்து நின்று மூச்சு வாங்குவார். மாதவனோ கோடுகளைச் சுருக்கிவிடுவார். "அவுக அவசரக்காரக. கோட்ட முழுசா இழுக்க மாட்டாக, வெடுக்குனு விட்டுருவாக."

மாதவன், தேயிலை எஸ்டேட்டில் பம்ப் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் முகேஷோடு இருக்கிறார். எட்டு வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் ஆவுடைத்தாயோடு பேச்சு. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. பேச்சும் பெரிதாக ஒன்றுமில்லை, மழைதான். 'இங்கே மூன்று நாளாக ஓயவில்லை. கொஞ்சம் அனுப்பட்டுமா?' என்று அவர் தட்டுவார். 'சிந்தாமல் அனுப்புங்கள்' என்று இவர் பதில் தட்டுவார். தமிழை ஆங்கில எழுத்தில் வைத்து அடிக்கும் இந்தப் பேச்சையெல்லாம் ஆவுடைத்தாய் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். புரட்டிப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எட்டு வருடம் தினமும் பேச எனக்கு அப்படி ஒருவரும் இல்லை.

முப்பத்தெட்டு நாளைக்கு முந்தைய ஒரு காலையில் மாதவனின் கோடுகள் நீண்டன. மூன்று புள்ளி வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. 'இன்னும் காபி குடிக்கவில்லையா?' என்று இவர் கேலி செய்தார். அவர் திருப்பி அடித்தார். அவருடைய பெயரே அவருக்குத் தப்பாக வந்தது. பிறகு ஒரே ஒரு கோடு, கூவென்று, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கீயின் மேல் கை விழுந்து கிடக்கிறது என்று ஆவுடைத்தாய்க்குப் புரிந்துவிட்டது.

முன்பொரு சமயம் மாதவனுக்குக் கூரியரில் ஸ்பிரிங் அனுப்புவதற்காக வாங்கி வைத்த முகேஷின் எண் நோட்டின் அட்டையில் இருந்தது. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் முகேஷ் அப்போது சவாரியில் இருந்தார்.

"தம்பி, உங்கப்பாவுக்கு வலது கை இழுத்துக்கிருச்சு. உடனே வீட்டுக்குப் போங்க."

"நீங்க யாரும்மா?"

"பந்தல்குடியில மோட்டார் காயில் கட்டுறவ."

"அங்க இருந்துக்கிட்டு எங்கப்பா கையப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் பெறகு சொல்றேன். தப்பா இருந்தா என்னைய வைங்க, வாங்கிக்கிறேன். இப்ப வண்டியத் திருப்புங்க."

முகேஷ் திருப்பினார். மாதவன் மேசையில் சாய்ந்து கிடந்தார். மலையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறக்கினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம் டாக்டர்கள். எனக்குத் தெரிந்து, ஒரு மனிதருக்கு வாதம் வந்ததை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். ஆனால் இவரிடம் போய் அதைப் பாராட்ட முடியாது. "மொதத் தப்பு விழுந்தப்பவே போன் போட்டுருக்கணும் சார். காபி குடிக்கலையான்னு கேலி பண்ணிட்டு உக்காந்திருந்தேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு கேலி அவரை விட்டபாடில்லை.

மாதவன் உயிர் பிழைத்துவிட்டார். பேச்சும் குழறலாகத் திரும்பிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. அதிலிருந்து அவர் ரேடியோ இருக்கும் அறைக்குள் போகவே மாட்டேன் என்கிறாராம். "தட்டத் தெரியாதவன் மாதிரி தட்டுறதுக்குச் சும்மா இருக்கலாம்னு சொல்றாருக்கா" என்று முகேஷ் போனில் சொன்னார். பேசச் சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். ஆவுடைத்தாய் வேண்டாமென்றுவிட்டார். "போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னு ஒத்த வார்த்தையில சொல்லி வச்சிருவாக. தம்பி, நீங்க ஒண்ணு மட்டும் செய்ங்க. தெனம் ஆறரைக்கு ரேடியோவப் போட்டு, சத்தத்தக் கூட்டிவச்சு, ரூம் கதவத் தெறந்து வச்சிருங்க."

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம், பதில் வராத ஒரு வீட்டுக்கு இவர் ஊர்க் கதை தட்டுகிறார். பக்கத்துக் காட்டில் மோட்டார் ஓடி இரைச்சல் வந்தாலும் நிறுத்துவதில்லை. கரண்டு போனால் லாரி பேட்டரி இருக்கிறது. 'மேகம் கூடியது. பரளச்சிப் பக்கம் போய்விட்டது.' 'சோலைச்சாமி முடி வெட்டியிருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.' என் மோட்டார் கருகிய கதையும் போயிருக்கிறது. குருவிக்கு ஜன்னல் திறக்கப் போனதைச் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். மாதவன் கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எப்படித் தினமும் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "கை போனாப் போகட்டும் சார். மனுசன் வந்து உக்காரணும்ல" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இதை எழுதி முடித்துவிடலாம் என்று போன புதன்கிழமை இன்னொரு தரம் போனேன். முப்பத்தொன்பதாவது நாள். வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டுப் பென்சிலோடு காத்திருந்தார். சட்டென்று நிமிர்ந்தார். ஹெட்போன் ஒயரை ரேடியோவிலிருந்து பிடுங்கிவிட்டார். கடை முழுக்கச் சத்தம் கேட்டது. ஒரு கோடு, நெடுநேரம் ஒன்றுமில்லை, தடுமாறி இன்னொரு கோடு. "யாரு கைன்னே தெரியலயே" என்றார். நோட்டில் 'எம்' விழுந்தது. 'ஏ' விழுந்தது. அடுத்த எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் கடகடவென்று எட்டுப் புள்ளி வந்தது. தப்பாக அடித்துவிட்டேன், அழித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அதுதான் அடையாளமாம். மறுபடி முதலிலிருந்து. மறுபடி எட்டுப் புள்ளி. சோலைச்சாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். ஒரு பெயரும் மூன்று வார்த்தையும் வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. நோட்டை எட்டிப் பார்த்தேன். 'மாதவன். இடது கை. மன்னிக்கவும்.'

ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மேசையின் வலப்பக்கம் இருந்த கீயை ஒயரோடு தூக்கி இடப்பக்கம் வைத்தார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் குமிழைப் பிடித்துத் தட்டத் தொடங்கினார். ஒன்றும் தெரியாத எனக்கே அது கோணல்மாணலாகக் கேட்டது. முதல் வார்த்தையிலேயே ஓர் எழுத்து பிசகி, நாக்கைக் கடித்துக்கொண்டார். எட்டுப் புள்ளி அடிக்கப்போகிறார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. தப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டினார்.