பெரிய டிரம்மில் இரண்டு அடி

நாமகிரிப்பேட்டை கிளாரினெட் வந்திருந்தார். எருமப்பட்டி சைடு டிரம் வந்திருந்தார். தம்மம்பட்டி டிரம்பெட் உள்ளூர்க்காரர், முதலிலேயே வந்து நின்றிருந்தார். பெரிய டிரம்மோடு ராசிபுரத்திலிருந்து நான். நாலு பேரும் அவரவர் ஊரில் சொந்தமாக பேண்டு செட் நடத்துகிறவர்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருடம். தம்மம்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். முழுச் செட்டு வேண்டாம், ஒவ்வொரு செட்டிலிருந்தும் ஒரு கெட்டிக்காரன் போதும் என்று பெண்ணின் அப்பா எங்களைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்.

மாப்பிள்ளை அழைப்பு. நாலு மணி வெயில். கிளாரினெட் ஒரு பாட்டைத் தொடங்கினார். டிரம்பெட் வேறொன்று. சைடு டிரம் இரண்டுக்கும் சேராத தாளம். எல்லாரும் தொடங்கியே பழகியவர்கள்.

"ஏனுங்க, ஒரு கல்யாணந்தானே?" என்றாள் ஒரு அம்மாள்.

ஆளுக்கொரு பாட்டாக முறை வைத்துக்கொண்டோம்.

டிரம்பெட்காரர் முறை வந்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்துக்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயோரம் ரத்தம். முந்தின வாரம் முன்பல் பிடுங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரியும். தெருவோரத்தில் அவருடைய செட்டு ஆட்கள் ஏழு பேர் கைகட்டி நின்றார்கள். தங்களை விட்டுவிட்டுப் போனவர் எப்படி ஊதுகிறார் என்று பார்க்க வந்தவர்கள். அங்கே பிசிறினால் மறுநாள் அவர் சொல்லை யார் கேட்பார்கள்?

பெரிய டிரம்மில் இரண்டு அடி சேர்ந்து விழுந்தால் பாட்டு முடிந்தது. எந்தச் செட்டிலும் அதுதான் வழக்கம். அடித்தேன். பாட்டு பாதியில் நின்றது.

"ஏப்பா, கைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் கிளாரினெட். நான் டிரம்பெட்காரர் வாயைக் கண்ணால் காட்டினேன். பார்த்தார்.

அதன் பிறகு டிரம்பெட் ஏற வேண்டிய இடம் வந்தாலே அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கிளாரினெட்காரர் ஊருக்குக் கேட்கும்படி என்னைத் திட்டினார். சைடு டிரம்மும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு பேரு சேந்தும் பாதிப் பாட்டுதானுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"மீதிய வளைகாப்புக்கு வெச்சிருக்கறோம் சாமி," என்றார் கிளாரினெட்.

பந்தியில் அந்த ஏழு பேரில் ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் சொன்னான்: "எங்கண்ணன் நல்லாத்தான் ஊதுனாரு. அந்த ராசிபுரத்தான்தான் கெடுத்துட்டான்."

டிரம்பெட்காரர் தலை தூக்கவில்லை. மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டார்.

அன்று வாசித்த பாட்டு பதினான்கு. முழுதாக முடித்தது ஐந்து.